பெரட்டுக்களத்தில் என் பேர்

இந்தச் சுவருக்குப் பின்னால் நான் ஒளிந்திருக்கிறேன் என்று உலகத்திலேயே ஒருத்தனுக்குத்தான் தெரியும், மெல்ரோய்க்கு, அவனும் கீழே பஸ்ஸில் முதல் சீட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறான், காலையில் நாங்கள் இரண்டு பேரும் போட்ட கூத்தில் குணசீலன் சேர் அவன் காதைத் திருகி முன்னால் இழுத்துப்போய் உட்காரவைத்துவிட்டு என்னைப் பின் சீட்டுக்குத் துரத்திவிட்டார். "உங்க ரெண்டு பேரையும் ஒரே சீட்டுல விட்டா இது சுற்றுலா இல்ல, சர்க்கஸ், விளங்குதா இல்லையா?" அந்த விளங்குதா இல்லையாவை மூக்கால் சொல்ல வேண்டும், சேருக்கு வருசம் முழுக்கத் தடிமன், கடைசியில் ஒரு செருமல், செருமல் இல்லாவிட்டால் அது சேர் இல்லை, வேறு யாரோ. நான் செருமலோடு செய்வேன். அதிபர் அம்மா செருப்பைத் தேய்த்து நடந்துகொண்டே திட்டுவதைச் செய்வேன், திட்டும் என் வாய்தான், செருப்பும் என் வாய்தான். பஸ் ஓட்டுகிற பண்டார அங்கிளின் தமிழ் வரும், "தம்பி சுருக்கா ஏறு, மழை வருது தானே, ரோட்டு வழுக்குது தானே." ரேடியோவில் மரண அறிவித்தல் வாசிக்கிற அக்கா வருவாள், மீன்கார நானா வருவார், மெல்ரோயின் அம்மா அவனை "எருமமாடே" என்று ஆரம்பித்து "என் ராசா சாப்புட வாய்யா" என்று முடிப்பது வரும், ஒரு ஊர் சனமே என் தொண்டைக்குள் குடியிருக்கிறது. சுவர் ஈரமாக இருக்கிறது. பாசி சட்டையில் ஒட்டுகிறது. விரலிலும் ஏதோ ஒட்டுகிறது, கோப்பிப் பழம், வழியில் ஒன்றைப் பிய்த்து நசுக்கிப் பார்த்தேன், தோல் சிவப்பு, உள்ளே வழவழவென்று ஒரு இனிப்பு, அதற்குள்ளே இரண்டு கொட்டை முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டு படுத்திருந்தது, பிரித்தேன், பிறகு ஏன் பிரித்தோம் என்று இருந்தது, மறுபடி ஒட்டிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டே போனது.

இது கோப்பித் தோட்டம், எங்கள் மலையெல்லாம் தேயிலை ஆகுமுன்னே இருந்தது, வெள்ளைக்காரத் துரை காடு வெட்டிக் கோப்பி போட்டு, கடலுக்கு அந்தப் பக்கமிருந்து எங்கள் ஆட்களைப் படகில் ஏற்றி, இறக்கி, மலைவரைக்கும் நடத்தியே கூட்டிவந்து, பிறகு இலையில் துரு மாதிரி ஒரு நோய் விழுந்து மலை மலையாகக் கோப்பி செத்துப்போனது, இங்கே மட்டும் மறுபடி நட்டிருக்கிறார்கள், இதெல்லாம் நிரோஷா அக்கா சொன்னது. நிரோஷா அக்காதான் இங்கே வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறவர், கறுப்புக் கால்சட்டை, கழுத்தில் தொங்குகிற அட்டை, எல்லா வசனத்தையும் ஏணியில் ஏறுவதுபோல் மேலே மேலே கொண்டுபோய் உச்சியில் விட்டுவிடுவார், "இதுதான் பழம் உரிக்கும் இயந்திரம்?" "இங்கேதான் கொட்டையைக் காயப்போடுவார்கள்?" நான் உடனே எடுத்துக்கொண்டேன், "இதுதான் குணசீலன் சேரின் வழுக்கை? இங்கேதான் வெயில் காயும்?" பின்னால் நின்ற பெட்டைகளெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். பிறகு அக்கா இந்தக் களத்துக்குக் கூட்டிவந்தார். பெரட்டுக்களம், பெரட்டு என்றால் ஆள் கணக்கெடுப்பு. விடியுமுன்னே தப்புப் பறை அடிப்பார்களாம், எல்லாரும் லயத்து வீடுகளிலிருந்து வந்து இங்கே நிற்க வேண்டுமாம், கங்காணி பேர் கூப்பிடுவாராம், குரல் கொடுத்தவருக்குத்தான் அன்றைக்குப் பேர், பேர் இல்லாவிட்டால் அன்றைக்கு அரிசி இல்லை. இருட்டும் மிஸ்ட் என்கிற மூடுபனியும், முகம் தெரியாது, குரல்தான் கணக்கு. அதனால் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்தில் நிற்கிறவள் அவள் குரலிலேயே "வந்திருக்கேனுங்க" என்பாளாம். "ஒருத்தி செத்துப் போய்ட்டா, அவ தங்கச்சி அதுக்குப் பொறகும் ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், அக்காவுக்காகக் குரல் கொடுத்தாவாம்?" என்றார் அக்கா, அவருடைய ஏணி இந்த இடத்தில் மட்டும் உச்சிக்குப் போகாமல் பாதியில் நின்றது. எல்லாரும் சத்தமில்லாமல் நின்றார்கள். எனக்குச் சத்தமில்லாத இடம் ஆகாது. "ஊஊஊ வந்திருக்கேனுங்கோ" என்று பேய் மாதிரி இழுத்தேன், சிரிப்பு வெடித்தது, அக்காகூடச் சிரித்தார், நானும் சிரித்தேன், ஆனால் அந்தத் தங்கச்சி எனக்குள் எங்கேயோ வந்து உட்கார்ந்துகொண்டாள், எழும்பச் சொன்னால் எழும்ப மாட்டேன் என்கிறாள்.

அப்போதுதான் மெல்ரோயை இழுத்துப்போய்ச் சொன்னேன், போகும்போது சேர் லிஸ்ட் வாசிப்பார், நிமிரவே மாட்டார், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தாளை மூக்கில் முட்டக் கொடுத்துக்கொண்டு குரல் வந்தால் சரி போடுவார், வகுப்பிலும் அப்படித்தானே, வராதவனுக்கெல்லாம் நான்தானே குரல், இன்றைக்கு நீ எனக்குக் குடு, என் பேருக்கு இன்னொருத்தன் குரல் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று நான் மேலே நின்று கேட்டுவிட்டு ஓடிவந்து பின் கதவால் ஏறிவிடுகிறேன். மெல்ரோய் தலையைச் சொறிந்தான். "எல்லாஞ் சரிடா, ஒன் கொரல் எப்பிடிடா இருக்கும்?" "என்னடா கேள்வி, இப்ப பேசுறேனே, இதான்." "இது நிரோஷா அக்கா மாதிரில்ல இருக்கு." உண்மைதான், அப்படித்தான் இருந்தது. மறுபடி பேசினேன், சேர் வந்துவிட்டார். மெல்ரோய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை, "விடுடா, நானே எதாச்சும் பாத்துக்கிறேன்" என்று போய்விட்டான்.

இப்போது வாசிக்கிறார். மிஸ்ட் கீழேயிருந்து ஏறி வந்து பஸ்ஸைப் பாதி விழுங்கிவிட்டது, மஞ்சள் விளக்கு இரண்டும் சேர் நிற்கிற படியும் மட்டும் தெரிகிறது, ஆனால் குரல் பக்கத்தில் நின்று சொல்வதுபோல் ஏறி வருகிறது. "அனுஷியா." "வந்தேன் சேர்." "பவதாரணி." "வந்தேன் சேர்." பவதாரணி குரல் துருவிய தேங்காய்ப்பூ மாதிரி ஈரமாக இருக்கும், அதைச் செய்ய நாக்கைக் கொஞ்சம் மடிக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் ஒரு பெரட்டு இருந்தது, இப்போதுதான் அது பெரட்டு என்று தெரிகிறது. அப்பா டவுன் பேக்கரியில் ரொட்டி சுடுகிற போறணை அடுப்பில் நிற்கிறவர், விடியுமுன்னே போய்ப் பொழுதுபட வருவார், வந்ததும் முன் அறைக் கட்டிலில் விழுவார், உடம்பெல்லாம் பாண் வாசம், பேச்சு என்பது கிடையாது. அம்மா குசினியில் நிற்பார், முன் அறைக்கும் குசினிக்கும் இடையில் ஒரு பலகைத் தட்டிதான், இருந்தாலும் கேட்பார், "ஏங்க, இருக்கீங்களா?" "இருக்கேன்." அவ்வளவுதான். வேறு எங்கே போகப்போகிறார் மனுசன், ஒவ்வொரு நாளும் இது ஒரு கேள்வியா. இதை நான் வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன், "ஏங்க" மேலே போய் ஒரு சின்ன வளைவு எடுத்து இறங்கும், "இருக்கேன்" அடித்தொண்டையில், மாவு மூட்டையைத் தரையில் வைத்த மாதிரி. அம்மாவுக்கே செய்து காட்டினேன், அடுப்பு ஊதுகிற குழலைப் போட்டுவிட்டுச் சிரித்தார், "என்னயப் போலவே பேசி என்கிட்டயே சோறு கேப்ப போல இருக்கே, கள்ளப்பயலே." "தர்ஷினி." "வந்தேன் சேர்." மாசியில் ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா திரும்பி வரவில்லை. கேட்க ஆள் இல்லை, அதனால் சொல்லவும் ஆள் இல்லை. நான் வீட்டுக்குள் நுழையும்போதே மீன்கார நானாவாக நுழைவேன், அதிபர் அம்மாவாக முகம் கழுவுவேன், ரேடியோ அக்காவாகச் சோறு போடுவேன், அப்பா பார்த்துக்கொண்டிருப்பார், சிரிக்கிற இடத்தில் மூச்சை மட்டும் விடுவார். ஒருநாள் கரண்ட் இல்லை. இருட்டில் கட்டிலிலிருந்து அப்பா குரல், "தம்பி." ஓடிப்போனேன், அப்பா கூப்பிட்டு எத்தனை நாள். "அம்மா கூப்புடுற மாதிரி ஒருக்கா கூப்புடேன்."

"ஜெனோஜன்." "வந்தேன் சேர்." அடுத்தது நான். என் பேரை நான் இவ்வளவு தூரத்திலிருந்து கேட்டதில்லை. "கிரிஷாந்தன்." மிஸ்ட்டுக்குள்ளே என் பேர் ஒரு ஆளைப்போல ஏறிவந்து சுவரில் கை வைக்கிறது. மெல்ரோய், மறந்துவிடாதே, மறந்துவிட்டால் நல்லது, மறக்காதே. "வந்-தே-ஏஏன் சேர்!" முதல் பாதி குஞ்சுச் சேவல், மறு பாதி தகரத்தை இழுத்த மாதிரி, நடுவில் ஒரு உடைசல், பின் சீட்டுப் பக்கம் திரும்பிக் கத்துகிறான் போல, பஸ் முழுக்கச் சிரிக்கிறது, என்னைப் போலவே இருக்கிறது என்றுதானே சிரிக்கிறார்கள், பவதாரணிகூட, ஓ, இதுதானா, இப்படித்தான் இருக்கிறதா என் குரல், எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. சேரும் கண்டுபிடிக்கவில்லை, சரி போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போய்விட்டார். இந்த உடைசல்தான் அன்றைக்கும். குசினியில் அம்மா நிற்கிற இடத்தில் போய் நின்றேன், அடுப்படிக் கல் காலில் குளிர்ந்தது, வாயைத் திறந்தேன், எத்தனையோ தடவை செய்ததுதானே, "ஏ" மேலே போனது, வளைவு எடுக்கிற இடத்தில் கால் தடுக்கித் தண்ணீர் ஓடுகிற காணுக்குள் விழுந்த மாதிரி "ங்க" எங்கேயோ பள்ளத்தில் விழுந்தது. மறுபடி. மறுபடியும் அதே பள்ளம். எந்தக் கிழமை என் தொண்டை உடைந்தது என்றே தெரியாது, ஆம்பிளைகள் குரலெல்லாம் முன்னைவிட நன்றாக வந்தது, அம்மாவின் அந்த ஒன்றை மட்டும் உடைசல் எடுத்துக்கொண்டு போய்விட்டது. "சரி விடு தம்பி. படு" என்றார் அப்பா. அதற்குப் பிறகு கேட்கவில்லை. குளிக்கும்போது பைப்பைத் திறந்துவிட்டுப் பழகிப் பார்க்கிறேன், வாளி நிறைந்து வழிகிறது, அம்மா வரவில்லை, ஒவ்வொரு தடவை தப்பாக வரும்போதும் ஞாபகத்தில் இருக்கிற சரியானது கொஞ்சம் தேய்கிறது, அந்தத் தங்கச்சிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், முதல் நாள் அக்காவின் குரல், இரண்டாம் நாள் அக்கா மாதிரி ஒரு குரல், கடைசி நாளில் யாருடைய குரலோ.

பின் கதவு சாத்துகிற சத்தம். என்ன, அதற்குள் முடிந்துவிட்டதா, நான் இன்னும் ஜெனோஜனுக்கு அடுத்த இடத்திலேயே நிற்கிறேன். நிரோஷா அக்காவும் இயந்திரக் கொட்டகையைப் பூட்டிவிட்டு, சந்திவரைக்கும் என்று முன் கதவால் ஏறிக்கொள்கிறார். எஞ்ஜின் உறுமுகிறது. ஓடு. கால் ஓடுகிறது, களத்துக் கல் முழுக்க வழுக்கல், பண்டார அங்கிள் சொன்னது தானே, முழங்கால் தரையில் அடிக்கிறது, "சேர்! சேர், நான் இங்க! நான் ஏறல்ல!" உடைந்த குரல், குஞ்சுச் சேவலும் தகரமும், என்னுடையதேதான், இதைவிட என்னுடையது என்னிடம் இல்லை. கீழே ஒரு நொடி எல்லாம் நிற்கிறது. பிறகு சேரின் மூக்குக் குரல், பஸ்ஸுக்குள்ளே பின் சீட்டைப் பார்த்து, "டேய் கிரிஷாந்தன், காணும்! நல்லாத்தான் செய்யிற, தூரத்துல இருந்து கத்துற மாதிரியே இருக்கு, இப்ப பேசாம இரு, விளங்குதா இல்லையா?" செருமல். சிரிப்பு. மஞ்சள் விளக்கு திரும்புகிறது, வளைவில் ஒருமுறை மரங்களை வெளிச்சம் தடவிவிட்டுப் போகிறது, சத்தம் சின்னதாகிறது, இன்னும் சின்னதாகிறது, இருக்கிறதா இல்லையா என்று ஆகிறது, இல்லை. சிரிப்பு வருகிறது எனக்கு. நல்ல பகிடி, இதைவிடப் பெரிய பகிடி யாரும் செய்ததில்லை, நான் பஸ்ஸில் இருக்கிறேன், சரி போட்டாகிவிட்டது, எனக்குத் திட்டும் விழுந்துவிட்டது, இங்கே நிற்கிறவன் யார். சிரித்து முடிந்ததும் கை தானாகச் சட்டைப்பையைத் தடவுகிறது, ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் போன் கொண்டுவரக் கூடாது என்று சட்டம். வீட்டுக்குப் போய்ச் சேரும்வரைக்கும் யாருக்கும் தெரியாது, மெல்ரோய் நான் பின்னால் இருக்கிறேன் என்று நினைப்பான், பின்னால் இருக்கிறவர்கள் நான் முன்னால் போய்விட்டேன் என்று நினைப்பார்கள், வீட்டிலும் அப்பா எப்போது நினைப்பார், நான் வந்த சத்தம் இல்லை என்று எப்போது தெரியும், நானாக நுழைந்ததே இல்லையே, மீன்கார நானா இன்றைக்கு வரவில்லை என்று படுத்துவிடுவாரோ.

சத்தமில்லை. ஒரு சொட்டு, ஒரு இலை, மறுபடி ஒரு சொட்டு. கோப்பிச் செடிகள் களத்தைச் சுற்றி இடுப்பளவுக்கு வரிசையாக, மிஸ்ட்டுக்குள் ஆட்கள் மாதிரியே நிற்கின்றன, முகம் தெரியவில்லை, பேர் கூப்பிடட்டும் என்று காத்துக்கொண்டு. சரி, கூப்பிடுகிறேன், வேறு என்ன வேலை. நடுக்களத்தில் நின்று வயிற்றிலிருந்து எடுக்கிறேன், கங்காணி எப்படிக் கூப்பிட்டிருப்பார், காதில் கடுக்கன், கம்பளிக் கோட்டு, தொண்டையில் சுருட்டு. "குணசீலன்!" "வந்தேன், விளங்குதா இல்லையா." செருமல். "பண்டார!" "வந்தேன் தானே." "நிரோஷா!" "வந்திருக்கிறேன்?" "மெல்ரோய்!" "எருமமாடு வந்துட்டான் ஐயா." எல்லாரும் வந்துவிட்டார்கள், களம் நிறைந்துவிட்டது, இவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் எவ்வளவு குளிர். "கிரிஷாந்தன்!" செடிகள் காத்திருக்கின்றன. நானும் காத்திருக்கிறேன். யாரும் குரல் கொடுக்கவில்லை. வாய் திறந்துதான் இருக்கிறது. போகட்டும், அடுத்த பேர், அடுத்த பேர் என்ன, அது தானாகவே வருகிறது, நான் கூப்பிடவில்லை, கங்காணிதான் கூப்பிடுகிறார், "லோகேஸ்வரி!" அம்மா. மிஸ்ட்டு, முகம் தெரியாத நேரம், குரல்தான் கணக்கு, பைப்புச் சத்தம் இல்லை, அப்பா இல்லை, தப்பாக வந்தாலும் யாருக்குத் தெரியும், இப்போது குரல் கொடுத்தால் அம்மாவுக்கு இன்றைக்குப் பேர் விழும், நாளைக்கும் கொடுக்கலாம், ஒரு கிழமை என்ன, எத்தனை கிழமையும். நாக்கை மடித்தேன். மூச்சை மேலே எடுத்தேன். ஒரு சொட்டு விழுந்தது. ஒரு இலை அசைந்தது. எடுத்த மூச்சை அப்படியே விட்டேன். அந்தப் பேர் களத்தைச் சுற்றிவிட்டு, செடிகளுக்கு நடுவால், மெல்லமாகப் போனது, நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கண் எரிகிறது. கோப்பிப் பழச் சாறு பட்ட விரலால் துடைத்தால் எரியாதா. பிறகு கங்காணி, சின்னக் குரலில், "முத்துலிங்கம்." அப்பா. "இருக்கேன்." யார் சொன்னது. நான் திரும்பிப் பார்த்தேன், உண்மையாகவே திரும்பிப் பார்த்தேன். நாக்கை மடிக்கவில்லை, மூக்கால் இழுக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை, சும்மா வந்தது, பள்ளத்தில் விழுந்த குரல் விழுந்த இடத்திலேயே எழும்பி நின்று சொன்ன மாதிரி, மாவு மூட்டையைத் தரையில் வைத்த மாதிரி. "இருக்கேன்," மறுபடி சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் உடைகிறது. ஆனால் நிற்கிறது.

எவ்வளவு நேரம் போனதோ, ஹோர்ன் சத்தம், விட்டுவிட்டு, நாய் அழுகிற மாதிரி, பிறகு மஞ்சள் வெளிச்சம் மரங்களைத் தடவிக்கொண்டு ஏறி வருகிறது, பிறகு என் பேர். "கிரிஷாந்தன்! டேய் கிரிஷான்! டேய் எங்கடா!" அது மெல்ரோய், அழுகிறான், அவன் அழுதால் குரல் அவனுடைய அம்மா மாதிரியே இருக்கிறது, இது எனக்குத் தெரியாதே, இதை எடுத்துவைக்க வேண்டும், வேண்டாம், எடுக்க வேண்டாம். "தம்பி! எங்க தம்பி!" பண்டார அங்கிள், அந்தத் 'தானே' இல்லாமல். "கிரிஷாந்தன்!" சேர், செருமல் இல்லாமல், மூக்கும் இல்லாமல், வெறும் பயந்துபோன ஒரு ஆள். இன்னும் ஒருமுறை கூப்பிடட்டும். ஒரே ஒருமுறை. கூப்பிடுகிறார்கள். "இருக்கேன்!" என்று கத்துகிறேன், "இருக்கேன் சேர், இங்க இருக்கேன்!" மெல்ரோய் ஓடிவந்து மேலே விழுகிறான், முதுகில் குத்துகிறான், "நாயே, பின்னால இருக்கன்னுதானேடா நெனச்சேன், நாயே." சேர் என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்குகிறார், அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன், உலுக்கிக்கொண்டே நிற்கிறார். "கீழ ஆத்துப் பாலம் தாண்டும் மட்டும் பஸ்ஸில ஒரு சத்தமும் இல்லடா. ஒரு சத்தமும் இல்ல. நான் திரும்பிப் பாத்து, என்னடா இது, ஆரும் ஒண்ணும் பேசாம வாறீங்க, அவன் எங்கன்னு கேட்டேன்." அதற்குப் பிறகுதான் செருமினார்.

பஸ்ஸில் என்னை நடுவில் உட்காரவைத்தார்கள், பவதாரணியின் ஸ்வெட்டர் என் மேல் இருக்கிறது, அவள் குரல் மாதிரி ஈரத் தேங்காய்ப்பூ வாசம் இல்லை, சவர்க்கார வாசம். "கங்காணி மாதிரி ஒண்ணு செய்யேன்டா." "சேர் பயந்தத செய்டா, மெல்லமா." சேரே சொல்கிறார், "என்னடா, வாயைப் பூட்டிட்டியா, செய் பாப்போம்." செய்யலாம், எல்லாம் இருக்கிறது, பிறகு செய்வேன், நாளைக்கு வகுப்பில் இந்த மலையையே செய்து காட்டுவேன். இப்போது கண்ணாடியில் வாயை வைத்து ஒரு வசனம் பழகிக்கொண்டிருக்கிறேன், சின்ன வசனம், எப்படிச் சொன்னாலும் உடைகிறது, உடையாமல் ஒருமுறை, இல்லை, உடைகிறது, ஆவி படர்ந்து கண்ணாடி வெள்ளையாகிறது, துடைத்தால் எங்கள் டவுன், பேக்கரி பூட்டியிருக்கிறது, எங்கள் ஏற்றம், எங்கள் வாசல். மீன்கார நானாவும் நுழையவில்லை, அதிபர் அம்மாவும் நுழையவில்லை. முன் அறையில் விளக்குப் போடவில்லை. பாண் வாசம் இருக்கிறது. பின்பக்கமாகச் சுற்றிப்போய்க் குசினியில், அம்மா நிற்கிற அந்தக் கல்லில் நிற்கவில்லை, அதற்குப் பக்கத்தில் நின்றேன்.

"அப்பா. இருக்கீங்களா?"

நடுவில் உடைந்தது. கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது. தட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சை எடுத்து, விடாமல் வைத்திருப்பது கேட்டது.

"இருக்கேன்."

பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, அம்மாவிடம்கூட அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "நீ?"